கோட்டுக்குக் கீழே

ஜனவரி 12

அன்புள்ள சின்னதுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் வலி வழக்கம்போல வருவதும் போவதுமாக இருக்கிறது. உன் இருமல் நின்றதா? அங்கே குளிர் குறைந்ததா?

நீ அனுப்பிய ஆள் வந்து கேமராவைப் பொருத்திவிட்டுப் போனார். ஹாலில், அலமாரிக்கு மேலே, ஜன்னலைப் பார்த்த மாதிரி மாட்டியிருக்கிறார். துளை போட்ட தூசியைக் கூட்டியது நான். அம்மா சோபாவில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். அவர் சம்மதப் படிவத்தை நீட்டியதும், என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டாள். "கொஞ்சம் படிச்சுப் பாத்துட்டுப் போடும்மா" என்றேன். "சின்னது கேக்குது, படிக்க என்ன இருக்கு?" என்றாள். நான் மின்சார வாரியத்துக்கு ஒரு மனு எழுதினால் நாலு தடவை படிக்கச் சொல்லிக் கேட்கிறவள் இவள்.

அன்றிலிருந்து வீட்டில் நடப்பதைக் கேள். காலையில் எழுந்ததும் தலைவாரல், பவுடர், இஸ்திரி போட்ட புடவை. ஹாலை விட்டுப் போகும்போது அலமாரியைப் பார்த்து, "இரு, வந்துடறேன்" என்கிறாள். அதில் சத்தம் போகாது என்று சொல்லியும் ஆயிற்று. பன்னிரண்டு வருஷமாக இந்த வீட்டில் நானும்தான் இருக்கிறேன். என் கண்ணில் படுவதற்காக அவள் தலைவாரியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

போனில் இதெல்லாம் பேச முடியாது. மணி அடித்தால் போதும், "ஸ்பீக்கர்ல போடு" என்று வந்து உட்கார்ந்துவிடுகிறாள். அதனால் நம் பழைய ஏற்பாடே இருக்கட்டும். அம்மாவுக்கானதை முதலில் எழுதி, ஒரு கோடு போட்டுவிட்டு, எனக்கானதைக் கோட்டுக்குக் கீழே எழுது. கோடு வரைக்கும் நான் படித்துக் காட்டுகிறேன். அவளே படிக்கலாம்தான். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் இந்த மகள் அளவு பார்த்துச் செய்துகொண்டு வந்த கண்ணாடி டப்பாவிலேயே தூங்குகிறது. காது வலிக்கிறதாம்.

கடைசியாக ஒன்று. ஆராய்ச்சி நல்லபடியாக முடிந்து வேலை நிரந்தரமானதும் அம்மாவை உன்னோடு அழைத்துப் போகப் போகிறாயாமே. பக்கத்து வீட்டு டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
அக்கா

*

ஜனவரி 28

அன்புள்ள அம்மாவுக்கும் அக்காவுக்கும்,

நான் நலம். இருமல் போய்விட்டது, குளிர்தான் போகவில்லை. அம்மா, பச்சைப் புடவை உனக்கு எடுப்பாக இருக்கிறது. காலையில் ஜன்னல் பக்கம் உட்காருகிறாயே, அந்த வெளிச்சத்தில் பார்க்கும்போது பத்து வயது குறைந்த மாதிரி தெரிகிறது. மருந்தை மறக்காதே.

――――――――――

அக்கா, டீச்சரிடம் நான் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னேன், அவள் சொல்லியிருப்பாள். உன்னிடம் நேரில் வந்து சொல்லலாம் என்று வைத்திருந்தேன். கோபித்துக்கொள்ளாதே.

இந்தக் கேமரா எதற்கு என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. இருந்தாலும் சொல்கிறேன். நாங்கள் செய்வது கணினிப் பார்வை. படத்தில் என்ன நடக்கிறது என்று கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கிற வேலை. பத்து விநாடித் துண்டைக் காட்டினால் அது ஒரு வரி எழுதும். 'ஒரு பெண் நாற்காலியை நகர்த்துகிறாள்' என்கிற மாதிரி. ஒரே ஒரு படத்தை நிறுத்திப் பார்த்தால் ஆள் உட்காரப் போகிறாளா, எழுந்திருக்கிறாளா என்று உனக்கே தெரியாது. முன்னும் பின்னும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். அதைத்தான் கற்றுக்கொடுக்கிறோம். வயதானவர்கள் தனியாக இருக்கும்போது விழுந்துவிட்டால், அது உடனே கண்டுபிடித்து வீட்டு ஆளின் போனைக் கூப்பிட வேண்டும். நம் வீட்டைப்போல இன்னும் பல வீடுகளில் மாட்டியிருக்கிறோம்.

இப்போதைக்கு அதன் மூளை அப்படி ஒன்றும் பிரமாதமில்லை. உன் இஸ்திரி மேஜையை நாய் என்று எழுதுகிறது. அதற்கு நாலு கால் இருந்தால் நாய்தான். ஆட்களை மட்டும் சரியாகப் பிரிக்கிறது. அம்மாவை 'முதியவர்' என்றும் உன்னைப் 'பராமரிப்பாளர்' என்றும் குறித்துக்கொள்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் நீ எதையோ சொல்ல, அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உன் தோளில் சாய்ந்துகூடச் சிரித்தாள். யந்திரம் 'இருவர் சோபாவில் அமர்ந்திருக்கிறார்கள்' என்று எழுதிவிட்டு அடுத்த துண்டுக்குப் போய்விட்டது. என்னால் போக முடியவில்லை. என்ன சொன்னாய்?

அன்புடன்
சின்னது

*

பிப்ரவரி 9

அன்புள்ள விஞ்ஞானிக்கு,

பராமரிப்பாளர் எழுதிக்கொள்வது. முதியவர் நலம். பராமரிப்பாளரும், கேட்பாரில்லாவிட்டாலும், நலம். நாயின் மேல் நேற்று எட்டுப் புடவை இஸ்திரி போட்டேன்.

உன் யந்திரத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை, அதற்கு என்ன தெரியும். அந்தப் பெயரை யாரோ ஓர் ஆள் உட்கார்ந்து யோசித்து அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார் அல்லவா? வீட்டில் வயதானவருக்கு டீ கொடுக்கிறவள், குளிக்கத் தண்ணீர் எடுத்து வைக்கிறவள், நகம் வெட்டிவிடுகிறவள் எல்லாம் பராமரிப்பாளர். இருக்கட்டும். அப்படியானால் வருஷத்துக்கு ஒருமுறை பெட்டியோடு வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறவளை அது என்னவென்று குறித்துக்கொள்ளும்? தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

கடையில் இன்று ஓர் அம்மாள் வந்தார். எந்தப் பிரேமைப் போட்டாலும், "தூரத்துல இருக்கிறதெல்லாம் நல்லாத் தெரியுது, கிட்டக்க இருக்கிறதுதான் தெரியல" என்றார். உட்காரவைத்து லென்ஸை மாற்றிப் பார்த்தேன். நம் வீட்டிலும் ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கும் இதே கோளாறுதான் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை எதற்குச் சிரித்தோம் என்று கேட்டிருக்கிறாய். அது எங்களுக்குள்ளே.

உன் சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா?

அக்கா

*

பிப்ரவரி 27

அன்புள்ள அம்மாவுக்கும் அக்காவுக்கும்,

நான் சுகம். வேலை நெரிக்கிறது, அவ்வளவுதான். அம்மா, நீ ஹாலில் நடக்கும்போது ஒரு கையால் சோபாவைப் பிடித்துக்கொண்டு நட. போன வாரம் நாலைந்து தரம் பிடிக்காமல் நடந்ததைப் பார்த்தேன். இங்கே வீடு பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். ஒரு வீட்டில் உனக்கு ஏற்ற மாதிரி ஓர் அறை இருக்கிறது. பெரிய ஜன்னல், கீழே தெரு. உனக்குப் பொழுது போகும். பக்கம் முடிந்துவிட்டது, கோடு போடுகிறேன்.

――――――――――

(பின்பக்கம்)

அக்கா, உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கே பெயரை மாற்றினேன். இப்போது நீ 'மகள்'. முதலில் 'மகள் 1' என்று போட்டேன். அப்படியானால் 'மகள் 2' எங்கே என்று பக்கத்து மேஜைக்காரர் கேட்டார். அந்த வீட்டுப் படங்கள் மொத்தத்திலும் மகள் 2 ஒரு துண்டில்கூட இல்லை. ஆகவே எண்ணை எடுத்துவிட்டேன். உனக்குத் திருப்திதானே?

இங்கே நிலைமை நன்றாக இல்லை. விழுவதைக் கற்றுக்கொடுக்க விழுகிற படங்கள் வேண்டும். எங்களிடம் இருப்பதெல்லாம் மாணவர்கள் மெத்தை போட்டு நடித்தது. விழப் போகிறோம் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் உடம்பு முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. யந்திரம் அதற்கும் மேலே போய், விழுவதை விட்டுவிட்டு மெத்தையைக் கற்றுக்கொண்டுவிட்டது. மெத்தையைப் பார்த்தால் 'விழுந்தார்' என்று எழுதுகிறது. ஒருவர் மத்தியானம் நிம்மதியாகப் படுத்துத் தூங்கினாலும் அவர் வீட்டுக்கு போன் போகிறது.

நிஜமாக, தெரியாமல், வயதானவர் ஒருவர் விழுந்த படம் ஒன்றாவது வேண்டும். ஒன்று கிடைத்தால்கூட எங்கே தப்பு என்று பிடித்துவிடலாம் என்கிறார் லேப் தலைவர். எந்த வீட்டிலும் இதுவரை யாரும் விழவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். நாங்களோ ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஜூன் முடிவதற்குள் கட்டுரையை அனுப்ப வேண்டும். அது போனால்தான் என் வேலை நிரந்தரமாகும், அம்மாவுக்கு அந்த ஜன்னல் அறையும் கிடைக்கும். போகாவிட்டால் எதுவும் இல்லை.

இதை அம்மாவிடம் சொல்லிவிடாதே. கவலைப்படுவாள்.

அன்புடன்
சின்னது

*

மார்ச் 15

அன்புள்ள சின்னதுக்கு,

நாங்கள் நலம். உன் நலம் கோருகிறேன். கடிதம் வந்தது. படித்துக் காட்டினேன்.

கடையில் கணக்கு முடிக்கும் மாதம், உட்கார நேரமில்லை. பெயர் மாற்றியதற்கு நன்றி. எண் இல்லாததே நல்லது.

அம்மா சில நாளாக அதிகம் பேசுவதில்லை. ஆனால் முகம் வாட்டமாக இல்லை, எதையோ யோசித்துக்கொண்டே இருக்கிறாள். உன்னிடம் ஒன்று கேட்டு எழுதச் சொன்னாள். கேமராவுக்கு ஹாலில் எதுவரைக்கும் தெரியும்? தரையும் தெரியுமா, இல்லை ஆள் உட்காருகிற உயரம் வரைக்கும்தானா? "மறக்காம எழுது, பெரிசு" என்று இரண்டு தரம் சொன்னாள். திடீரென்று எதற்கு இந்த ஆராய்ச்சி என்று கேட்டேன். "எம் பொண்ணு வேலையைப் பத்தி நான் தெரிஞ்சுக்கக் கூடாதா?" என்றாள். என் வேலையைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது கடை எத்தனை மணிக்கு மூடும் என்பது மட்டும்தான்.

அக்கா

*

மார்ச் 30

அன்புள்ள அம்மாவுக்கும் அக்காவுக்கும்,

நல்ல சுகம். அம்மா, நீ கேட்டதை அக்கா எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டு அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. இந்த வேலையில் சேர்ந்து இத்தனை வருஷத்தில், நான் என்ன செய்கிறேன் என்று நீ கேட்டது இதுதான் முதல் தடவை. தரை நன்றாகவே தெரியும். வாசல் கதவிலிருந்து ஜன்னல் வரைக்கும் தெரியும். சோபாவுக்குப் பின்னால் மட்டும் மறைந்துவிடும். ரொம்பத் தெளிவாகத் தெரிவது ஜன்னலுக்கு முன்னால் இருக்கிற இடம், காலை வெளிச்சத்தில். வேறு என்ன தெரிய வேண்டுமோ கேள். எத்தனை வேண்டுமானாலும் கேள்.

――――――――――

அக்கா, அம்மா இப்போதெல்லாம் ஹாலில் நிறைய நடக்கிறாள். நாள் முழுக்க 'முதியவர் நடக்கிறார், முதியவர் நிற்கிறார்' என்றே வருகிறது. நேற்று ஜன்னல் பக்கம் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தாள். எதையாவது தொலைத்துவிட்டாளா? தோடு, கீடு விழுந்திருக்கிறதா பார்.

அவள் என்னைப் பற்றி உன்னிடம் வேறு ஏதாவது கேட்கிறாளா? கேட்டால் எழுது. நீ பக்கத்திலேயே இருக்கிறாய், உனக்கு இது ஒரு விஷயமாகவே தோன்றாது. எனக்கு அப்படி இல்லை.

அன்புடன்
சின்னது

*

ஏப்ரல் 19

அன்புள்ள சின்னதுக்கு,

போனில் பேசும்போது அம்மா பக்கத்திலேயே இருந்தாள், அதனால் பாதிதான் சொன்னேன். மீதியை எழுதுகிறேன். முதலில் நலம்: அம்மாவுக்கு வலி குறைந்திருக்கிறது. வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. இடுப்பில் அடி பலமாகப் பட்டிருக்கிறது, எலும்பு முறியவில்லை. எழுந்து நடமாட இன்னும் நாளாகும். நான் கடைக்கு விடுப்பு சொல்லிவிட்டேன்.

காலையில் நான் சமையலறையில் இருந்தேன். சத்தம் கேட்டு ஓடினேன். ஜன்னலுக்கு முன்னால் தரையில் கிடந்தாள். கை உடம்புக்கு அடியில் மாட்டியிருந்தது. "வழுக்கிடுச்சு" என்றாள். தரை காய்ந்துதான் இருந்தது. கட்டியிருந்தது அந்தப் பச்சைப் புடவை. விசேஷம் ஒன்றும் இல்லாத நாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை நிமிர்த்தியபோது அவள் முனகக்கூட இல்லை. நான்தான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

யந்திரம் கண்டுபிடித்து என் போனைக் கூப்பிடும் என்று எழுதியிருந்தாய். போன் என் இடுப்பிலேயே செருகியிருந்தது. அது கூப்பிடவில்லை. நான் வந்தேன். இதை எதற்கு எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும்.

இந்த நிலையில் அவளை எங்கேயும் அழைத்துப் போக முடியாது. டாக்டரே சொல்லிவிட்டார்.

அக்கா

*

மே 6

அக்காவுக்கு,

அம்மாவின் கை எப்படி இருக்கிறது? உன் முதுகு வலி? நான் இருக்கிறேன். இந்தக் கடிதத்தில் கோடு கிடையாது. முழுக்க உனக்குத்தான்.

அந்தத் துண்டைப் பார்த்தேன். 'முதியவர் தரையில் உட்கார்கிறார்' என்று யந்திரம் எழுதியிருந்தது. அதனால்தான் உனக்கு போன் வரவில்லை. ஏன் அப்படி எழுதியது என்று முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தேன்.

அம்மா சோபாவிலிருந்து ஒரு திண்டை எடுத்து வந்து ஜன்னலுக்கு முன்னால் போடுகிறாள். கொஞ்ச நேரம் அதையே பார்க்கிறாள். பிறகு காலால் அதை ஓரமாகத் தள்ளிவிடுகிறாள். கொசுவத்தைச் சரிசெய்கிறாள். நிமிர்ந்து கேமராவை ஒருதரம் பார்க்கிறாள். முழங்காலை மெதுவாக மடக்குகிறாள். பாதிக்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை, அங்கிருந்து நிஜமாகவே விழுகிறாள். கடைசியில் இருப்பது மட்டும்தான் விழுதல். அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் உட்காருதல். யந்திரம் தப்பாக எழுதியது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மெத்தை இருந்தால் உபயோகமில்லை என்று அவளுக்கு யார் சொன்னது? நான் எழுதியது ஒரே ஓர் இடத்தில்தான், கோட்டுக்குக் கீழே, பின்பக்கத்தில்.

மார்ச் மாதப் படங்களைத் தேடினேன். நீயும் அம்மாவும் சோபாவில் இருக்கிறீர்கள். உன் கையில் என் தாள். 'மகள் முதியவருக்கு வாசித்துக் காட்டுகிறார்.' அதற்கடுத்த துண்டு, 'மகள் தாளைத் திருப்புகிறார்.' அதற்கும் அடுத்தது, மறுபடியும் 'வாசித்துக் காட்டுகிறார்'. அன்றைக்கு யந்திரம் ஒரு வரியைக்கூடத் தப்பாக எழுதவில்லை.

ஏன் அக்கா?

லேப்பில் தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அம்மா என்று தெரிந்ததும் வருத்தப்பட்டார், ஆனாலும் அவரால் சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. முதல் நிஜமான விழுதல் என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். திண்டு வருகிற துண்டை அவர் பார்க்கவில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் ஜூன் மாதம் கட்டுரை போய்விடும். நம் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

என்ன செய்ய என்று உன்னைக் கேட்கவில்லை. நான் கேட்பது வேறு. விழுந்த பிறகு அவள் வாய் இரண்டு தரம் அசைகிறது. யாரையோ கூப்பிடுகிறாள். படத்தில் சத்தம் இல்லை. உனக்குக் கேட்டிருக்கும். யாரைக் கூப்பிட்டாள்?

சின்னது

*

ஜூன் 2

அக்கா,

சௌக்கியமா? பதில் இல்லை. போனில் அம்மாவைக் கொடுத்துவிட்டு நீ நகர்ந்துவிடுகிறாய்.

தலைவரிடம் சொல்லிவிட்டேன். முந்தைய துண்டைப் போட்டுக் காட்டினேன். வேண்டுமென்றே விழுந்தது எங்களிடம் ஏற்கெனவே ஏராளமாக இருக்கிறது. அதனால் அம்மாவின் படத்தை எடுத்துவிட்டார்கள். நம் வீட்டையும் எடுத்துவிட்டார்கள். கேமராவைக் கழற்ற ஆள் வருவார். கட்டுரை இந்த வருஷம் போகாது. வேலையை வேறொருவருக்குக் கொடுப்பதாகப் பேச்சு. ஜன்னல் அறையை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உனக்கு நிம்மதியாக இருக்கும். அம்மா உன்னோடேயே இருப்பாள்.

நான் மட்டும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. அந்தச் சோபாவில் நீ உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. அவள் தலையை நீ வாரிவிட்ட படத்துக்கு யந்திரம் போட்ட வரியை நான் திருத்தவே இல்லை. 'ஒருவர் பின்னால் நிற்கிறார்' என்று போட்டிருந்தது, அப்படியே விட்டுவிட்டேன். எத்தனையோ வீடுகள் இருக்க, நம் வீட்டில் எதற்குக் கேமரா மாட்டினேன் என்று நினைக்கிறாய்?

கேட்டதற்கு மட்டும் பதில் எழுது. யாரைக் கூப்பிட்டாள்?

சின்னது

*

ஜூன் 20

அன்புள்ள சின்னதுக்கு,

அம்மா நலம். அடுத்த வாரம் கட்டைப் பிரிக்கிறார்கள். எனக்கு முதுகு வலி உண்டு, சாகிற அளவுக்கு இல்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? குரல் கேட்டால் அப்படித் தெரியவில்லை.

ஏன் என்று கேட்டிருந்தாய். பொறாமைதான். வேறு என்ன பெயர் வைத்தாலும் அது பொய். முதல் பக்கத்தில் ஜன்னல் அறை என்று எழுதியிருந்தாய். நான் படிக்கப் படிக்க அவள் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். பார்த்தும் இருப்பாய், படம்தான் இருக்கிறதே. எனக்குப் பொறுக்கவில்லை. உன் சின்ன மகள் எதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள் என்று பார் என்று தாளைத் திருப்பினேன். யாரும் விழவில்லை என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று எழுதியிருந்தாயே, அதை நிறுத்தி நிதானமாகப் படித்தேன். கோபப்படுவாள், அங்கே போக மாட்டேன் என்பாள் என்று நினைத்தேன். "இன்னொரு தடவ படி" என்றாள். சந்தோஷமாக இன்னொரு தடவை படித்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, "பாவம், சின்னது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பிறகு தரை தெரியுமா என்று கேட்டாள். என் கையாலேயே எழுதி அனுப்பினேன். நீயும் ஜன்னலுக்கு முன்னால் என்று பதில் போட்டாய். நம் இரண்டு பேரில் ஒருத்திக்காவது உறைத்ததா?

ஆஸ்பத்திரியில் வைத்து என் காதில் சொன்னாள். "சின்னதுகிட்ட சொல்லிடாத. தெரிஞ்சா அது கணக்குல வராது." கேமராவைப் பார்க்காமல் விழுந்திருந்தால் உனக்குத் தெரிந்தே இருக்காது. அவளால் பார்க்காமல் இருக்க முடியவில்லை போலிருக்கிறது. ஆஸ்பத்திரியில் அவள் அப்படிச் சொன்னதைக் கேட்டபோதும் எனக்கு முதலில் வந்தது பரிதாபம் இல்லை. உனக்காக எலும்பை உடைத்துக்கொண்டாளே என்றுதான் எரிந்தது. பல் துலக்கிவிடும்போதும் அதே நினைப்புத்தான். மனசு அவ்வளவு கெட்டுக் கிடக்கிறது, என்ன செய்ய?

நேற்று கேமராவைக் கழற்றிக்கொண்டு போனார்கள். எதற்கு என்று கேட்டாள். வேலை முடிந்துவிட்டது என்றேன். "நான் விழுந்தது அவளுக்கு உபயோகமாச்சா?" என்றாள். "ஆச்சும்மா, பெரிய பேரு வந்திருக்கு" என்றேன். நேற்று இரண்டு வாய் கூடச் சாப்பிட்டாள். போனில் உன்னைக் கேட்பாள். நீயும் அதையே சொல். இந்த ஒன்றிலாவது நாம் இருவரும் ஒரே மாதிரி பேசுவோம்.

யாரைக் கூப்பிட்டாள் என்று கேட்டதற்குப் பதில் எழுத இத்தனை நாளாயிற்று. என்னைத்தான் என்று எழுதிப் பார்த்தேன், கிழித்துப் போட்டேன். கேமரா போய்விட்டது, வேலை போய்விட்டது, இதாவது இருக்கட்டும் என்று உன்னைக் கூப்பிட்டதாக எழுதிப் பார்த்தேன். அதையும் கிழித்தேன். சமையலறையிலிருந்து ஓடும்போதே காதைத் தீட்டிக்கொண்டுதான் ஓடினேன். என் பெயர் வருமா என்று கேட்டுக்கொண்டு ஓடினேன்.

அவள் என்னையும் கூப்பிடவில்லை, உன்னையும் கூப்பிடவில்லை. "அம்மா" என்றாள். இரண்டு தரமும் அதைத்தான். விழுந்தால் எல்லோரும் கூப்பிடுகிறதுதான். நாளைக்கு நீ விழுந்தாலும் நான் விழுந்தாலும் அதைத்தான் கூப்பிடுவோம், இவள் நொண்டிக்கொண்டாவது வருவாள். அவள் கூப்பிட்டால் வருவதற்கு ஆள் இல்லை. அதனால் நான் போனேன்.

கட்டைப் பிரிக்கும் அன்றைக்கு நீ வர முடியுமா? ஒற்றை ஆளாகத் தூக்க அவள் கனமாகத்தான் இருக்கிறாள்.

உன்
அக்கா